ரெண்டு வீட்டுக்கு ஒரே காத்து

பாத்து சார், அந்தக் குழாயை மிதிச்சுடாதீங்க. இப்படி வாங்க. அந்த தெர்மாகோல் பொட்டியை நிழல்ல வைங்க, காலிப் பொட்டியா இருந்தாலும் வெயில்ல வைக்கக் கூடாது. சூடேறின பொட்டியில மீனை வெச்சீங்கன்னா தஞ்சாவூர் போய்ச் சேர்றதுக்குள்ள எல்லாம் மல்லாந்துடும். உக்காருங்க. அந்த வாளியைக் கவுத்துப் போட்டு உக்காருங்க, நாங்கல்லாம் அப்படித்தான் உக்காருவோம்.

எத்திராஜ் வீடு இது இல்ல சார். அடுத்த வாசல். பதினாலு அவன், பதினாலு ஏ நான். கீழ என் வீட்டம்மாகிட்ட கேட்டீங்களா? "மாடிக்குப் போங்க"ன்னு மட்டும் சொன்னாளா? அப்படித்தான் சொல்லுவா. அந்த வீட்டுப் பேரு அவ வாயில வந்து நாலு மாசம் ஆச்சு.

பரவால்ல, வந்தது வந்துட்டீங்க. அவன் இப்போ தூங்கிட்டிருப்பான். மத்தியானம் சாப்பிட்டா மூணு மணி வரைக்கும் தூக்கம். நமக்கெல்லாம் அப்படித் தூக்கம் வருமா? மனசுல எதுவும் இல்லாதவனுக்கு வரும். இல்ல, எல்லாத்தையும் மறைக்கத் தெரிஞ்சவனுக்கு வரும்.

யாரு சொன்னாங்க அவனைப் பத்தி? ஓ, தஞ்சாவூர்ல கடைக்காரரே சொன்னாரா? டிஸ்கஸ் மீனு வேணும்னா கொளத்தூர் எத்திராஜ்கிட்டப் போங்கன்னு? சரி சரி. தணிகைவேல்னு யாரும் சொல்லலையா? சொல்லலை. இல்ல, சும்மா கேட்டேன். என் பேருதான் அது.

அவன் எனக்கு சகலை சார். மாமனாருக்கு ரெண்டே பொண்ணு. மூத்தவ திலகவதி, அவளை அவன் கட்டினான். சின்னவ மங்கையர்க்கரசி, நீங்க கீழ பாத்தீங்களே, அவளை நான் கட்டினேன். வயசுல அவன் என்னைவிட மூணு வருஷம் சின்னவன். ஆனா முறைக்கு அவன் பெரிய மாப்பிள்ளை. எந்த விசேஷத்துக்குப் போனாலும் "பெரிய மாப்பிள்ளை வாங்க, பெரிய மாப்பிள்ளை உக்காருங்க." அவன் இலையில வடை விழுந்தப்புறம்தான் என் இலையில விழும். வடை ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல சார். ஆனா இருபத்தியொரு வருஷம் ரெண்டாவதா விழற வடையைத் தின்னு பாருங்க, அப்புறம் பேசுங்க.

இந்த மீன் தொழில்ல முதல்ல இறங்கினது யாரு? நான். அவன் அப்போ ஏதோ கம்பெனியில கணக்கு எழுதிட்டிருந்தான். மாலி மீனு குட்டி போடுமா முட்டை போடுமான்னு அவனுக்குத் தெரியாது. என்கிட்ட வந்து கேட்டான். நான்தான் சொல்லிக் கொடுத்தேன், பெரிய மனசு பண்ணி. புதுத் தண்ணியை மீனுக்கு ஏத்த மாதிரி பழுக்க வைக்கறது எப்படி, கவர்ல மீன் பிடிச்சு ஆக்ஸிஜன் அடைக்கறது எப்படி, எல்லாம். மூணாவது வருஷம் அவன் டிஸ்கஸ்ல குஞ்சு எடுத்துட்டான். நான் கோல்டு ஃபிஷ்ஷை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்.

அவன் ஆளு எப்படின்னு சொல்றேன், நீங்க ஏமாந்துடக் கூடாது பாருங்க. குரலே ஒசராது. சிரிச்ச முகம். அவன் கோபப்பட்டே நான் பாத்ததில்ல. அதுவும் ஒரு திமிருதான் சார். நான் கத்தறேன், நீ கத்தாம நிக்கறேன்னா என்ன அர்த்தம்? நீ பெரிய மனுஷன், நான் காட்டான்னு அர்த்தம். நாப்பத்தஞ்சு வயசுல ஒரு முடி நரைக்கலை. கறுப்பு சாயம் போடறானோன்னு நான் கிட்டக்கூடப் போய்ப் பாத்துட்டேன். போடலை.

மங்கை வேற. அப்போல்லாம் காலையில காபி குடுக்கும்போதே ஆரம்பிச்சுடுவா. "எத்திராஜ் மாமா தொட்டியில அந்த நீலம் பாத்தீங்களா, கண்ணைப் பறிக்குது." "எத்திராஜ் மாமா அக்காவுக்கு மாடிப்படியில கைப்பிடி வெச்சுக் குடுத்திருக்காரு." நான் குடிக்கற காபியில எத்திராஜ் மாமா வாசனைதான் அடிக்கும். வயிறு எரியாம என்ன செய்யும்?

சரி, விஷயத்துக்கு வர்றேன். அந்த நடுச்சுவர் மேல பச்சை பெயின்ட் அடிச்சு ஒண்ணு ஓடுதே, தெரியுதா? ப்ளோயர். மாமனார் வீட்டை ரெண்டாப் பிரிச்சப்போ ரெண்டு பேரும் சேர்ந்து வாங்கினது. அங்கேருந்துதான் தொட்டிக்கெல்லாம் காத்து போகுது. இந்தப் பக்கம் ஒரு குழாய் எனக்கு, அந்தப் பக்கம் ஒரு குழாய் அவனுக்கு. என் பக்கம் ஒரு வால்வு, அவன் பக்கம் ஒரு வால்வு. ரெண்டு வீட்டுக்கு ஒரே காத்து. மீனுக்கு சாப்பாடு ரெண்டு நாள் இல்லைன்னாலும் ஒண்ணும் ஆகாது சார். காத்து அரை மணி நேரம் இல்லைன்னா முடிஞ்சுது. அதுவும் கோடையில. தண்ணி சூடாக ஆக அதுல காத்து நிக்காது. சூடு ஏறும், காத்து இறங்கும், மீனு மேல வந்து வாயைப் பொளந்துகிட்டு நிக்கும்.

என் பக்கம்தான் அப்படி நின்னுது. போன தை மாசத்துலேருந்தே. கோல்டு ஃபிஷ் எல்லாம் கூட்டமா மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடுது. குழாய் முனையில இருக்கற காத்துக் கல்லு வழியா வர்ற குமிழி பாத்தா, ஏதோ பெரியவங்க பெருமூச்சு விடற மாதிரி விட்டு விட்டு வருது. அந்தப் பக்கம் சுவத்துல காதை வெச்சேன். அவன் தொட்டியெல்லாம் கொளகொளன்னு கொதிக்குது சார்! எனக்கு இல்லாத காத்து அவனுக்கு எங்கேருந்து வந்துது?

அவன் பக்கம் ஒம்பது தொட்டி. என் பக்கம் இருபத்திரெண்டு. எண்ணிக்கோங்க. ரெண்டு மடங்குக்கு மேல. ஆனா குழாய் மட்டும் ரெண்டு பேருக்கும் ஒரே அளவு. இது நியாயமா சொல்லுங்க. அதுவும் தை மாசம் நான் எட்டு தொட்டி புதுசாப் போட்டிருக்கேன், நல்லா இறுக்கமா மீன் விட்டிருக்கேன், தொழில் வளருது. சரியா அதே மாசம் என் பக்கம் காத்து குறையுது. சின்னக் குழந்தைக்குக் கூடப் புரியும் யாரு வேலைன்னு.

நேராக் கேக்கலாம்னு பாத்தா அவனே வந்து நிக்கறான். "சகலை, தொட்டிக்குப் பத்து மீன் குறைச்சுப் பாருங்களேன். நாலஞ்சு தொட்டியை வேணும்னா என் பக்கம் வெச்சுக்கறேன். வெயில் காலம் வருது, தாங்காது." எவ்வளவு கெட்ட எண்ணம் பாருங்க சார்! காத்தையும் எடுத்துக்குவானாம், தொட்டியையும் எடுத்துக்குவானாம். நான் சொல்லிட்டேன், "உங்க வேலையைப் பாருங்க சகலை"ன்னு. சிரிச்சுட்டே போயிட்டான். மறுவாரம் சுவர் மேல ஆள் உயரத்துக்குப் பச்சை வலை கட்டிட்டான். கேட்டா, வெயிலுக்காம். எனக்குத் தெரியாதா? நான் எட்டிப் பாத்துடக் கூடாதுன்னு கட்டினது அது.

இதுக்கு நடுவுல எனக்கும் ஒரு நல்ல காலம் வந்துது சார். அதோ அந்தக் கடைசித் தொட்டி, பாருங்க, ரெண்டு பெரிய டிஸ்கஸ் தெரியுதா? சிவப்பா, தட்டு மாதிரி? அந்த ஜோடியை நான் ஒரு வருஷமா வெச்சிருந்தேன். முட்டை போடும், தின்னுடும். போடும், தின்னுடும். பதினோரு தடவை. டிஸ்கஸ் அப்படித்தான், லேசுல குஞ்சு எடுக்க விடாது. மத்த மீன் மாதிரி இல்ல சார் அது. குஞ்சு நீந்த ஆரம்பிச்சதும் நேரா அம்மா அப்பா உடம்புல போய் ஒட்டிக்கும். உடம்புல ஒரு வழவழப்பு சுரக்கும், அதான் அதுங்களுக்குப் பாலு. அப்பா உடம்புலேருந்து கொஞ்ச நேரம், அம்மா உடம்புலேருந்து கொஞ்ச நேரம். மீனுல யாரு சார் பால் குடுக்குது? அதுக்குத்தான் டிஸ்கஸ்னா எல்லாரும் உயிரை விடறாங்க.

சித்திரை கடைசியில, பன்னெண்டாவது தடவை, முட்டை நின்னுடுச்சு. பொரிஞ்சுது, குஞ்சு நீந்துச்சு, அம்மா அப்பா மேல ஏறிடுச்சு. நூத்து நாப்பது குஞ்சு இருக்கும். அந்த ரெண்டு மீனுக்கும் ஓரம் கட்டி மூக்குத்தி மூக்குத்தியா ஒட்டிக்கிட்டு ஆடுது. நான் கீழ ஓடிப்போய் மங்கையைக் கூட்டிட்டு வந்தேன். அவ வந்து இதே வாளியில உக்காந்தா. அரை மணி நேரம். அடுப்புல பால் வெச்சுட்டு வந்தவ, பொங்கி வழிஞ்சு வாசனை மேல வரைக்கும் வந்துடுச்சு, எழுந்திருக்கலை. "நீங்களா எடுத்தீங்க?"ன்னா. "வேற யாரு எடுத்தா?"ன்னேன். அன்னிக்கு முழுக்க அவ எத்திராஜ் பேரை எடுக்கலை சார். ஒரு தடவை கூட எடுக்கலை.

அவனும் வந்து பாத்தான். "அருமை சகலை. இந்த ஈட்டுக் குஞ்சு நின்னுடுச்சுன்னா அப்புறம் உங்களை யாரும் பிடிக்க முடியாது"ன்னான். நின்னுடுச்சுன்னா! அந்த "னா"வைப் பாத்தீங்களா? வாழ்த்தறப்போ கூட ஒரு சொருகு.

அஞ்சாம் நாள். அக்னி நட்சத்திரம் பாதி ஓடியிருக்கு. திருத்தணியில எங்க சொந்தத்துல ஒரு காதுகுத்து. எத்திராஜ், திலகவதி, மங்கை எல்லாரும் விடியக்காலையிலேயே கிளம்பிட்டாங்க. நான் போகலை. குஞ்சை விட்டுட்டு எப்படிப் போறது? மங்கை கூட, "நீங்க இருங்க, குஞ்சைப் பாத்துக்குங்க"ன்னு சொல்லிட்டுத்தான் போனா. என்னை நம்பி ஒண்ணை விட்டுட்டுப் போனது அதான் முதல் தடவை.

பதினோரு மணிக்கு வந்து பாக்கறேன், கோல்டு ஃபிஷ் தொட்டி அத்தனையிலயும் மீனு வாயைப் பொளந்துகிட்டு நிக்குது. கரண்ட் இருக்கு, ப்ளோயர் ஓடுது. காத்து மட்டும் போதலை. டிஸ்கஸ் தொட்டியில மட்டும் ஏதோ கொஞ்சம் குமிழி வந்துட்டிருக்கு. தண்ணி முப்பத்திமூணு டிகிரி. எனக்கு உச்சி வரைக்கும் ஏறிடுச்சு சார். படுபாவி, ஊருக்குப் போறப்போ வால்வை முழுசாத் திறந்து விட்டுட்டுப் போயிருக்கான், என் குஞ்சு சாகட்டும்னு! ஸ்டூலை இழுத்துப் போட்டேன். ஏறினேன். வலையை விலக்கி அந்தப் பக்கம் குதிச்சேன். அவன் வால்வை மூடணும், அவ்வளவுதான் எண்ணம்.

உங்ககிட்ட சொன்னா என்ன. நீங்க மீனை வாங்கிட்டு ஊருக்குப் போகப் போறவரு. இதை நான் யாருகிட்டயும் சொன்னதில்ல.

வால்வு மூடியிருந்துது சார்.

மூடியிருந்துதுன்னா, இன்னிக்கு நேத்து மூடினது இல்ல. பிடி மேல சிலந்தி கூடு கட்டியிருக்கு. தூசி படிஞ்சு கிடக்கு. மாசக்கணக்குல யாரும் தொடலை. அவன் பக்கத்துக் குழாயில டியூபு கிடையாது, கல்லு கிடையாது, எல்லாத்தையும் கழட்டிட்டான். வெறும் ஓட்டைதான் இருக்கு. அப்புறம் அவன் தொட்டி கொதிச்சுதே அது எப்படி? தொட்டிக்கு ஒண்ணுன்னு சின்னச் சின்ன ஏர் மோட்டாரு, சோப்பு டப்பா சைஸ்ல. கரண்ட் போனா அதுவே பேட்டரிக்கு மாறிக்கும். தொட்டிக்கு ஆறு மீனு, எட்டு மீனு. ஒவ்வொரு தொட்டி மேலயும் ஈர சாக்கு. தண்ணி இருபத்தொம்பது டிகிரி. குளுகுளுன்னு இருக்கு அந்த மாடி. நான் அங்க நின்னுட்டிருக்கேன், வேர்த்து ஊத்திக்கிட்டு.

புரியுதுங்களா? தை மாசம் நான் எட்டு தொட்டி போட்டேன் இல்ல, அப்பவே அவன் தன் பக்கத்தை மூடிட்டான். ப்ளோயர் காத்து முழுசும் என் பக்கம்தான் வந்துட்டிருக்கு, நாலு மாசமா. ஒரு வார்த்தை சொல்லலை. மத்த எவனா இருந்தாலும் "சகலை, உங்களுக்காக நான் மூடிட்டேன்"னு நாலு பேருக்குச் சொல்லியிருப்பான். சொல்லியிருந்தா நான் சண்டை போட்டிருப்பேன், மனசு ஆறியிருக்கும். சொல்லாம செய்யறது என்ன குணம் சார்? நான் சுவாசிக்கற காத்து, சே, என் மீனு சுவாசிக்கற காத்து, அவன் போட்ட பிச்சையா? நான் எடுத்த அந்த நூத்து நாப்பது குஞ்சு, அதுவும் அவன் காத்துலயா பொரிஞ்சுது?

திறந்தேன்.

ஆமா சார், திறந்துட்டேன். சிலந்திக் கூட்டைக் கிழிச்சு, பிடியை முழுசாத் திருப்பி விட்டேன். உன் காத்து உனக்கே, எடுத்துக்கோடான்னு. புஸ்ஸுன்னு போச்சு அந்த ஓட்டைங்க வழியா. அவன் மீனுக்கும் போகலை, என் மீனுக்கும் போகலை, வானத்துக்குப் போச்சு. நான் சுவர் ஏறி இந்தப் பக்கம் வந்தேன். என் தொட்டியில ஒரு குமிழி இல்ல.

திரும்பப் போய் மூடியிருக்கலாம். அதைத்தானே நினைக்கறீங்க? ஸ்டூல் அங்கேயேதான் இருந்துது. மூடினா என்ன அர்த்தம்? கையை நீட்டி வாங்கிக்கிட்டேன்னு அர்த்தம். அவன் காத்து இல்லாம என் மீனை நான் காப்பாத்திக் காட்டறேன்னு நின்னேன். மக்கை எடுத்தேன். மேலேருந்து ஊத்தினா தண்ணியில காத்து கலக்கும், தெரியுமில்ல? தொட்டி தொட்டியா மொண்டு மொண்டு ஊத்தறேன். இருபத்திரெண்டு தொட்டி, ஒரு மக்கு, ஒரு ஆளு. ஆனா டிஸ்கஸ் தொட்டியில அப்படி ஊத்தக் கூடாது, குஞ்சு சிதறிடும். என்ன செய்யறது? சூடு குறைஞ்சா காத்து நிக்கும். அது தெரியும் எனக்கு. யாரு சொல்லிக் குடுத்ததுன்னு கேக்காதீங்க. முனை ஜூஸ் கடைக்கு ஓடினேன். ஒரு குண்டான் ஐஸ் வாங்கிட்டு வந்தேன். தொட்டியில கொட்டினேன்.

முப்பத்திமூணுலேருந்து இருபத்தாறு. கால் மணி நேரத்துல. டிஸ்கஸ்ஸுக்கு ரெண்டு டிகிரி மாறினாலே ஆகாது சார். நீங்களும் தெரிஞ்சுக்கோங்க, ஊருக்குப் போனதும் கவரைப் பிரிச்சுத் தொட்டியில கொட்டிடாதீங்க, கவரோட அரை மணி நேரம் மிதக்க விடணும், ரெண்டு தண்ணியும் ஒரே பதத்துக்கு வரணும். இதெல்லாம் எனக்குத் தெரியும். வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் சொல்றவன் நான். அன்னிக்கு என் கைதான் கொட்டிச்சு.

சிவப்பு மீனு கறுத்துப் போச்சு. உடம்பை ஒரு சிலுப்பு சிலுப்புச்சு. குஞ்சு எல்லாம் உதிர்ந்து தரைக்குப் போச்சு. ஆம்பளை மீனு கீழ வந்து குஞ்சை வாயில எடுத்துச்சு. அது வழக்கம்தான், டிஸ்கஸ் குஞ்சை வாயில எடுத்து நல்ல இடமாப் பாத்துத் துப்பும். துப்பும்னு பாத்துட்டே இருந்தேன். துப்பலை. இன்னொண்ணை எடுத்துச்சு. துப்பலை. பொம்பளை மீனும் வந்துது. நான் கண்ணாடியைத் தட்டறேன், கத்தறேன். மூச்சு முட்டினா, பயந்துட்டா, தன் குஞ்சைத் தானே தின்னுடும் சார் அது. கண்ணு முன்னாடி நூத்து நாப்பதும்.

அப்பத்தான் வாசல்ல ஆட்டோ வந்து நின்னுது. காதுகுத்து முடிஞ்சு வந்துட்டாங்க. அவன் நேரா அவன் மாடிக்கு ஏறினான், அந்த புஸ்ஸு சத்தம் கேட்டிருக்கும். வால்வைப் பாத்தான். கிழிஞ்ச சிலந்திக் கூட்டைப் பாத்தான். வலையை விலக்கி இந்தப் பக்கம் பாத்தான். நான் ஐஸ் குண்டானை வெச்சுக்கிட்டு நிக்கறேன். வால்வை மூடினான், சுவர் ஏறிக் குதிச்சான், பக்கெட்டுல வெதுவெதுப்பாத் தண்ணி கலந்து கொஞ்சம் கொஞ்சமா விட்டான். அந்த ரெண்டு பெரிய மீனும் இன்னிக்கு இருக்குன்னா அதனாலதான். நான் சும்மா நின்னுட்டிருந்தேன்.

மங்கை மேல வந்தா. பட்டுப்புடவை கூட மாத்தலை, குஞ்சைப் பாக்கணும்னு ஓடி வந்திருக்கா. "எங்கங்க குஞ்சு?"ன்னா. நான் வாயைத் திறந்தேன் சார், சத்தியமாத் திறந்தேன். அதுக்குள்ள அவன் சொல்லிட்டான். "என் தப்புதாம்மா. காலையில அவசரத்துல என் பக்கத்து வால்வைத் திறந்து வெச்சுட்டுப் போயிட்டேன். சகலை பக்கம் காத்து இல்லாமப் போச்சு."

மங்கை ஆடிட்டா பாருங்க. அவளுக்கு அப்படிப் பேச வரும்னே எனக்குத் தெரியாது. "ஒரு வருஷமா இந்த மனுஷன் இந்தத் தொட்டி முன்னாடியே கிடந்தாரு மாமா. உங்களுக்கென்ன, ஒரு ஈடு போனா அடுத்த ஈடு வரும். என் வீட்டுக்காரருக்கு இது ஒண்ணுதான் இருந்துது. அதுவும் உங்களுக்குப் பொறுக்கலையா?" திலகவதி வந்து, "யாரைப் பாத்து என்னடி பேசற"ன்னா. அக்கா தங்கச்சி ரெண்டு பேருக்கும் வார்த்தை தடிச்சுப் போச்சு. அன்னியோட பேச்சு நின்னுது.

என் வீட்டுக்காரர்னு சொன்னா சார். அந்த வார்த்தை விழுந்ததும் நான் வாயை மூடிக்கிட்டேன். இருபத்தியொரு வருஷத்துல அவ எனக்காகப் பேசினது அன்னிக்குத்தான். சாயங்காலம் என்னை உக்கார வெச்சுத் தலையில எண்ணெய் வெச்சு விட்டா. "விடுங்க, அடுத்த தடவை எடுக்கலாம்"னா. நான் எப்படிச் சொல்லுவேன்? சொல்லுங்க, நீங்களா இருந்தா சொல்லுவீங்களா?

ஆனா ஒண்ணு சார், நாலு மாசமா என் நெஞ்சுல முள்ளு மாதிரி நிக்குது. அந்த ஒரு பேச்சு, என் பொண்டாட்டி எனக்காகப் பேசின அந்த ஒரு பேச்சு, அதுவும் அவன் குடுத்தது. அவன் பொய் சொன்னதாலதான் எனக்குக் கிடைச்சுது. எனக்குன்னு எதுவுமே அவன் கை படாம வராதா?

இப்போ இன்னொரு தலைவலி. அடுத்த வாரம் அவன் பொண்ணுக்கு நிச்சயதார்த்தம். அவனே வந்து பத்திரிகை வெச்சுட்டுப் போனான், அதே சிரிச்ச முகத்தோட. மங்கை பிரிக்கவே இல்ல. வர மாட்டேன்னுட்டா. அந்தப் பொண்ணைத் தூக்கி வளர்த்தவ இவதான் சார். "சித்தி வரலைன்னா எனக்கு நிச்சயமே வேணாம்"னு அந்தப் பொண்ணு வாசல்ல வந்து அழுதுட்டுப் போச்சு. இவளும் உள்ள உக்காந்து அழறா. நான் ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுடும். சொன்னா, அந்த எண்ணெய் வெச்ச கை அப்புறம் என் தலைக்கு வருமா? அதான் யோசனை.

வா மங்கை, டீயா? குடு சாருக்கு. என்ன, அங்கேயே நின்னுட்டே?

எப்ப வந்தே?

சார், நீங்க உக்காருங்க, எழுந்திருக்காதீங்க. மங்கை, இந்தா, சாரு தஞ்சாவூர்லேருந்து வந்திருக்காரு, சும்மா கதை பேசிட்டிருந்தோம்... எதுலேருந்து கேட்டே? ஐஸ்லேருந்தா? அதுக்கு முன்னாடியேவா? தட்டைக் கீழ வை, டீ சிந்துது பாரு. மங்கை. எங்க போறே? ஏய், வலையைப் பிய்க்காதே, கூப்பிடாதே, அவன் தூங்குவான்...

"மாமா"ங்கறா சார். நாலு மாசம் கழிச்சு.

வந்துட்டான். பாத்தீங்களா, தூங்கி எழுந்து வர்றான், தலை கூடக் கலையலை. "என்னம்மா மங்கை"ங்கறான், நேத்து கூடப் பேசின மாதிரி. கேக்கறா. "அன்னிக்கு வால்வைத் திறந்தது யாரு மாமா?" அழுதுட்டே கேக்கறா. இப்ப மாட்டினான். இப்ப சொல்லித்தானே ஆகணும்? என்னைப் பாக்கறான் சார். உங்களைப் பாக்கறான். எல்லாம் புரிஞ்சுடுச்சு அவனுக்கு, புரிஞ்சும்...

கேட்டீங்களா? கேட்டீங்களா சார் அவன் சொன்னதை? "நான்தாம்மா. அதான் அன்னிக்கே சொன்னேனே. சகலை ஏதாவது உளறியிருப்பாரு, அவரு மேல என்ன தப்பு"ங்கறான்!

யோவ் சகலை! நிறுத்துய்யா! போதும் நிறுத்து! மங்கை, அந்தாளு சொல்றதை நம்பாதே. நான்தான் திறந்தேன். நானு! அந்த ஸ்டூல்ல ஏறி, அந்தப் பக்கம் குதிச்சு, இந்தக் கையால முழுசாத் திருப்பி விட்டேன். ஐஸைக் கொட்டினதும் நான்தான். என்னய்யா தலையை ஆட்டறே? காத்தைக் குடுத்தே, வாங்கிக்கிட்டேன். என் பொண்டாட்டி வாயால ஒரு நல்ல வார்த்தை, அதையும் நீதான் குடுத்தே, அதையும் வாங்கிக்கிட்டேன். இந்தத் தப்பு என்னுதுய்யா! நான் செஞ்சது! இதையாவது எனக்கு விட்டு வைய்யா!